இரும்பு நின்ற இடம்

என் வளைகாப்பன்று என்னைப் பெற்ற அப்பா வீட்டில் இல்லை. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் எங்கள் வரிசைப் பெண்கள் அத்தனை பேரும் வந்து, சந்தனம் பூசி, முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையலை அடுக்கிவிட்டுப் போனார்கள். இந்த மனுஷன் மட்டும் விடிந்ததும் விடியாததுமாகத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினவர், பந்தி முடிந்து இலை எடுத்த பிறகுதான் வந்து நின்றார். தாயில்லாப் பெண்ணுக்குத் தகப்பனாவது நிற்க வேண்டாமா? எனக்கு வந்த ஆத்திரத்தில் கையை ஓங்கிச் சுவரில் அடித்திருப்பேன். வளைகாப்பு வளையலைப் பிள்ளை பிறக்கிற வரைக்கும் கழற்றவும் கூடாது, உடைக்கவும் கூடாது என்று பக்கத்து வீட்டம்மா மிரட்டி வைத்திருந்ததால் சுவர் தப்பித்தது.

"எங்கப்பா போனீங்க?"

"ரோட்டுல ஒரு சோலி." ரயில் பாதையைத்தான் ரோடு என்பார்.

"நாயித்துக்கெழம என்ன சோலி?"

மணையில் போய் உட்கார்ந்தார். சோறு போட்டேன். பாதியில் எழுந்து கை கழுவிவிட்டார்.

எனக்கு வாய் நீளம், அது ஊரறிந்த சங்கதி. அப்பாவுக்கு வாய் இருப்பது சாப்பிடவும் வெற்றிலை போடவும்தான். அம்மாவைப் பற்றி அவர் எனக்குச் சொன்னதெல்லாம் ஒரே வரி. "காச்சல்ல போயிட்டா தாயி." அதற்குமேல் கேட்டால் வெற்றிலைப் பெட்டியைத் தேட ஆரம்பித்துவிடுவார்.

கிள்ளானுக்கு வடக்கே, மேரு பக்கம், காட்டை அழித்து ரப்பர் வைத்துக்கொண்டிருந்த ஒரு தோட்டத்தில் அவர்கள் இருந்திருக்கிறார்கள். காடு வெட்டப் போனவர்களைக் காய்ச்சல் வாரிக்கொண்டு போன காலம் அது. எனக்கு அப்போது பேச்சு வந்த புதிது. அம்மாவின் முகம் எனக்குக் கிடையாது. ஒரு கை மட்டும் ஞாபகத்தில் இருந்தது. முழங்கை வரைக்கும் பச்சையும் சிவப்புமாய் வளையல் போட்ட கை. அது என்னைத் தட்டித் தூங்கவைக்கும், தட்டத் தட்டக் கலகலவென்று சத்தம் வரும். எங்கம்மா பெரிய அலங்காரக்காரி என்றே நினைத்து வளர்ந்தேன். ஒரு தரம் அதை அப்பாவிடம் சொன்னபோது, அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

அம்மாவைப் புதைத்த கையோடு என்னைத் தூக்கிக்கொண்டு கோலாலம்பூருக்கு வந்து ரயில் பாதையில் கூலியாகச் சேர்ந்துவிட்டார். மறுகல்யாணத்துக்கு ஆள் ஆளாகச் சொல்லிப் பார்த்தார்கள், அசையவில்லை. ஆனால் வருஷா வருஷம் அம்மா போன மாசத்தில் கிள்ளான் வண்டி ஏறுவார். அங்கே மாடு வைத்திருக்கிறவர்களிடம் ஒரு செம்பு பால் வாங்கிக்கொண்டு தோட்டத்துக்குள் போவார். சுற்றிச் சுற்றி வருவார். அந்தப் பாலை, கூலிகள் குடியிருக்கிற லயத்துப் பிள்ளை எதற்காவது குடிக்கக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவார். புதைகாட்டைச் சமப்படுத்தி அங்கேயும் ரப்பர் நட்டிருந்தார்கள். தலைமாட்டில் அவர் ஓர் அடையாளம் ஊன்றிவைத்திருந்தாராம், அதையும் காணோம்.

"அந்தத் தோட்டத்துலதான கெடக்காங்க. எங்கயாச்சும் ஒரு மரத்தடியில ஊத்திட்டு வாங்களேன்" என்று ஒரு வருஷம் எரிச்சலில் சொல்லிவிட்டேன்.

"மரத்தடியில ஊத்துனா மரந்தான் குடிக்கும்" என்றார்.

என் வளைகாப்பு நடந்தது ரப்பர் விலை விழுந்து கிடந்த சமயம். தோட்டம் தோட்டமாக ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ரயில்வேயிலும் ஆள் குறைத்தார்கள். அப்பாவின் பேரையும் வாசித்துவிட்டார்கள். அடுத்த மாசம் நாகப்பட்டினம் கப்பல். இங்கேயே எங்களோடு இருங்கள் என்று நானும் என் வீட்டுக்காரரும் எவ்வளவோ கெஞ்சினோம். பெண் கொடுத்த வீட்டில் உட்கார்ந்து சாப்பிட மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். போகிறதைப் பற்றி அவர் கவலைப்பட்ட மாதிரியே தெரியவில்லை. அவர் கவலையெல்லாம் ஒன்றுதான். "அவ எடத்தக் கண்டுபிடிக்காமயே போயிருவேன் போலருக்கே" என்பார். எப்போதாவது, யாரிடம் என்றில்லாமல், அதை மட்டும் சொல்வார்.

என் வீட்டுக்காரருக்கு மியூசியத்தில் படம் வரைகிற வேலை. மதராஸ் பக்கத்து ஆட்கள் அதைச் செத்த காலேஜ் என்பார்கள். மண்ணுக்குள்ளிருந்து எடுத்த பானை ஓட்டையும் இரும்பையும் அளந்து, ஒரு மயிரிழை பிசகாமல் காகிதத்தில் இறக்கித் தர வேண்டும். "உசுரோட இருக்கிற எனக்கு ஒரு படம் போடத் துப்பில்ல, ஒடஞ்ச சட்டிக்கு நாலு பக்கமும் படம்" என்று நான் இடிப்பேன். அவர் சிரித்துக்கொண்டு பென்சில் சீவுவார். மியூசியத்தில் மாலையில் வெளிச்சம் போதாது என்று சில படங்களை, பிரசவம் வரைக்கும் நாங்கள் தங்கியிருந்த அப்பாவின் குவாட்டர்ஸுக்குக் கொண்டுவந்து வாசல் ஓரம் வைத்து மை போடுவார்.

வளைகாப்பு முடிந்த அந்த வாரத்தில் அப்படி ஒரு படம் வந்தது. முழங்கை நீளத்துக்கு ஓர் இரும்பு. ஒரு நுனி தட்டையாக, மண்வெட்டி நாக்கு மாதிரி. மறு நுனி காம்பு செருகக் குழலாக இருந்தது. அப்பா வேலை முடிந்து வந்தவர், செருப்பைக்கூடக் கழற்றாமல் அந்தக் காகிதத்தின்மேல் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை.

"என்னப்பா, காகிதம் கடிச்சிருச்சா?"

"மாப்ள, இது எங்க இருக்கு?" என்றார்.

என் வீட்டுக்காரர் சொன்னார். கிள்ளானுக்கு வடக்கே, மேரு பக்கத்துத் தோட்டம் ஒன்றில், முனியாண்டி கோயிலில் இருக்கிறது. மியூசியத்துத் துரை கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தார். படம் எழுத மட்டும் பூசாரி கொடுத்தனுப்பியிருக்கிறார், திரும்பக் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். ஆண்டு இத்தனை என்று சொல்ல முடியாத பழைய இரும்பு அது. இதை அடித்தவர்கள் யார், என்ன பேசினார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது.

"நான் உங்காத்தா தலமாட்டுல ஊணுனது இதுதான் தாயி" என்றார் அப்பா.

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது என்பார்களே, அது எங்கள் வீட்டு வாசலில் மை காயக் கிடந்தது.

வாய்க்கால் வெட்டுகிறபோது அது அவர் மண்வெட்டியில் மாட்டியதாம். பக்கத்து மலாய்க் கிராமமான கம்பத்து ஆள் ஒருவர் பார்த்துவிட்டு, இது மவாஸ் எலும்பு, காட்டுக் குரங்கு மனுஷனுடைய எலும்பு, வீட்டுக்குள் வைக்காதே என்றாராம். அதனால் லயத்துக்கு வெளியே செருகி வைத்திருந்தார். அம்மா இறந்தபோது அதைக் கொண்டுபோய் ஊன்றிவிட்டார்.

"எல்லாரும் ஒரு கம்பத்தான் நடுவாங்க. நீங்க ஏன் இரும்ப நட்டீங்க?"

"கல்லு வேணும். அந்தச் சேத்து மண்ணுல கல்லுக்கு எங்க போறது? மரம்னா செல்லரிச்சிரும்."

"கல்லு எதுக்கு?"

வெற்றிலைப் பெட்டியைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

மறுநாள் என் வீட்டுக்காரர் அவரைத் துரையிடம் கூட்டிக்கொண்டு போனார். துரை முன்பு தோட்டங்களில் இருந்தவர், கூலிக்காரர்களிடம் கற்ற தமிழ் பேசுவார். எல்லாரையும் நீ என்பார், மரியாதை தெரியாமல் அல்ல, அவருக்கு வேறு சொல் யாரும் சொல்லித்தரவில்லை. "இடம் தெரியாத சாமான் ஊமை. நீ எடுத்த இடம் காட்டு, அது பேசும்" என்றாராம்.

எங்கள் அப்பா, வாயே திறக்காத மனுஷன், துரை முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். "நான் எடுத்த எடத்தக் காட்டுறேன். அதுக்கு முன்னாடி நான் வச்ச எடத்தத் தொரை கண்டுபிடிச்சுத் தரணும்."

என் வீட்டுக்காரருக்கு வேர்த்து ஊற்றிவிட்டதாம், வேலை போயிற்று என்று. துரை கொஞ்ச நேரம் பைப்பை மேசையில் தட்டிக்கொண்டிருந்துவிட்டுச் சரி என்றிருக்கிறார். அவருக்கும் இவருக்கும் வேண்டியது ஒன்றுதான், ஓர் இடம். அது எனக்கு அப்போதே விளங்கியது என்று சொன்னால் பொய்.

நானும் வருவேன் என்றேன். வயிற்றுப்பிள்ளைக்காரி புதைகாட்டுப் பக்கம் தலைவைக்கக் கூடாது என்று அப்பா குதித்தார். அவர் குதித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். "புதைகாட்டுக்கா வரேன்னேன்? பூசாரி வீட்டுல ஒக்காந்திருக்கேன். எங்காத்தாவத் தேடி நீங்க ரெண்டு பேரும் போவீங்க, நான் இங்க வெங்காயம் உரிச்சுக்கிட்டுக் கெடக்கணுமா?" என்று நான் அதற்குமேல் குதித்தேன்.

கிள்ளான் வரைக்கும் ரயில், அப்புறம் மாட்டு வண்டி. துரை முன்னாடியே காரில் போய்விட்டார். சடக்குப் பாதை முழுக்கக் குண்டும் குழியும். குலுக்கலில் என் வளையல்கள் குலுங்கிக்கொண்டே வந்தன. அப்பா வண்டியை விட்டு இறங்கிப் பின்னாலேயே நடந்து வந்தார். மாட்டுக்குப் பாரம் குறையட்டும் என்றார். அந்தச் சத்தத்தை அவரால் கேட்டுக்கொண்டு வர முடியவில்லை என்பது எனக்கு அப்போது எப்படித் தெரியும்?

தோட்டத்தில் பாதி லயம் காலி. கதவில்லாத வீடுகளில் ஆடுகள் படுத்துக் கிடந்தன. ஆலமரத்தடியில் முனியாண்டி மேடை. என் வீட்டுக்காரர் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்த இரும்பைப் பூசாரியிடம் கொடுத்தார். பூசாரி அதைக் கழுவி, திருநீறு பூசி, குங்குமம் வைத்து, பழைய குழியில் நிறுத்தி, நுனி மட்டும் தெரிய மஞ்சள் துணி சுற்றிக் கும்பிட்டார். அத்தனை வருஷமும் அது அப்பா கண்ணில் படாமல் போனது அந்தத் துணியால்தான். அப்புறம்தான் எங்களை ஏறிட்டுப் பார்த்தார்.

"இத நீங்க எங்கருந்து எடுத்தீங்க?" என்று அப்பா கேட்டார்.

"எடுக்கிறதாவது. சொயம்புங்க. பூமியப் பொளந்துக்கிட்டு அவனா வந்தான். கனவுல வந்து சொன்னான், இந்த எடத்துல நிக்கேன்னு. தோட்டத்துல எல்லாருக்கும் தெரியும்."

"அது நான் என் பொண்டாட்டி தலமாட்டுல ஊணுனது."

"அபச்சாரமாப் பேசாதீங்க" என்றார் பூசாரி. பாவம், இருபது வருஷமாக அந்தச் சுயம்புவை நம்பி எத்தனையோ பேர் பிள்ளைக்கும் காய்ச்சலுக்கும் நேர்ந்துகொண்டிருக்கிறார்கள். ஒரு புதைகுழிக் கம்பியைப் பிடுங்கி வந்து கும்பிட வைத்தேன் என்று எந்த வாயால் சொல்வார்? எனக்கு அன்று அந்தப் பாவமெல்லாம் வரவில்லை. மனுஷனைப் பிடித்து உலுக்க வேண்டும் போலத்தான் இருந்தது.

நான் உட்கார்ந்திருந்தது பூசாரி வீட்டு வாசலில். பூசாரியின் சம்சாரம் எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். என் கையையே பார்த்தாள்.

"எத்தன மாசம்மா?"

"ஏழு முடிஞ்சிருச்சு பெரியம்மா."

"இந்த வயித்தத் தூக்கிக்கிட்டு ஏன் வந்த?"

"எங்கம்மாவப் பாக்க வந்தேன். எந்த மரத்துக்கடியில கெடக்குதுன்னு தெரியல" என்றேன். சண்டை போடத்தான் வாயைத் திறந்தேன், அழுகை வந்துவிட்டது.

அவள் மோர்ச் செம்பை அப்படியே தரையில் வைத்தாள். ஆலமரத்தடிக்குப் போனாள். தாழ்ந்த குரலில்தான் பேசினாள், ஆனாலும் எனக்குக் கேட்டது. "சூலி நிக்கிறா. அவளுக்கு முன்னால பொய் சொல்லி அந்தப் பாவத்த நீ எங்க கொண்டுபோயி எறக்குவ? சொல்லிரு. முனி கோவிச்சுக்கிட்டா நான் பாத்துக்கிறேன்."

பூசாரி மேடை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். பிறகு சொன்னார். புதைகாட்டைச் சமப்படுத்தி ரப்பர் நடச் சொல்லி உத்தரவு வந்தபோது அவரும் ஒரு கூலி. நட்டிருந்த கம்புகளையெல்லாம் பிடுங்கிக் குவித்து எரித்தார்கள். இந்த இரும்பை மட்டும் எரிக்க முடியவில்லை, வீசி எறியவும் அவருக்கு மனசு வரவில்லை. கொண்டுவந்து மரத்தடியில் நிறுத்தினார். யாரோ குங்குமம் வைத்தார்கள். யாரோ காய்ச்சல் தெளிந்து சேவல் அறுத்தார்கள். அப்புறம் சுயம்பு என்று ஊரே சொல்ல, அவரும் சொல்ல ஆரம்பித்துவிட்டார். கனவு மட்டும் மெய்யாகவே வந்ததாம்.

"எந்த எடம்?" என்றார் அப்பா.

"வாய்க்கா ஓரமா, மேட்டுப் பக்கம். இந்தக் கோடியில. இன்ன குழின்னு கேட்டா எனக்குத் தெரியாதுங்க ஐயா." அவர் அப்பாவை ஐயா என்றார்.

அங்கேதான் துரையின் வேலை ஆரம்பித்தது. இரண்டு ரப்பர் வரிசைக்கு நடுவே முளை அடித்து, கயிறு கட்டி, மேல் மண்ணை மட்டும் பாய் சுருட்டுவது மாதிரி வழித்தெடுக்கச் சொன்னார். தோண்டக்கூடாது, சுரண்ட வேண்டும். "இரும்பு போனால் துரு போகாது. மண் மறக்காது" என்றாராம். அந்த மண் சாம்பல் நிறக் களி. அதில் வருஷக்கணக்காக ஓர் இரும்பு நின்றிருந்தால், பிடுங்கின பிறகும் அது நின்ற இடம் செம்பழுப்பாகத் தெரியும் என்பது கணக்கு. நான் தூரத்திலிருந்து, கொத்தனார் கரண்டியை வைத்துக்கொண்டு அவர்கள் மண்டி போட்டுச் சுரண்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவும் அவர்களோடு மண்டி போட்டிருந்தார்.

வெயில் இறங்குகிற நேரத்தில் அப்பா எழுந்து நின்றார். துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். அது போதாதா எனக்கு? பூசாரி சம்சாரம் கையைப் பிடித்தாள். "விடுங்க பெரியம்மா, எங்கம்மாகிட்ட போக எனக்கு என்ன தீட்டு?" என்று உதறிவிட்டு நடந்தேன்.

ஓர் உள்ளங்கை அகலத்துக்குத் துருக் கறை. சாம்பல் களியில் சந்தனப் பொட்டு வைத்த மாதிரி இருந்தது. அவ்வளவுதான். அந்த மண்ணைப் பார்த்து நான் அழுத அழுகையை எழுதிக் காட்ட முடியாது.

துரை உடனே நிறுத்தவில்லை. இந்தக் கறை வேறு எதனுடையதாகவும் இருக்கலாம், கொஞ்சம் பார்த்துவிட்டால் சந்தேகம் தீரும் என்றார். அப்பா வேண்டாம் என்றார். இத்தனை வருஷம் தேடிய மனுஷன், "போதும் தொரை, மூடிருங்க, இதான் எடம்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு எரிச்சல் வந்தது. வேறு யாருடைய குழியாகவோ இருந்தால்? அம்மா என்று நினைத்து எவளுக்கோ பால் ஊற்றுவதா? "பாக்கட்டும்பா" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. என்னிடம் மன்றாடுகிற பார்வை.

துரையே தூரிகையை வைத்துக்கொண்டு படுத்துவிட்டார். எலும்பு ஒன்றும் இல்லை. அந்தச் சதுப்பு மண் எலும்பைத் தின்றுவிடும், வெறும் நிழல் மாதிரி ஒரு கறுப்புதான் மிச்சம் வைக்கும். ஆனால் கண்ணாடியைத் தின்ன அதற்குப் பல் கிடையாது. முதலில் ஒரு பச்சை வளைவு தெரிந்தது. பிறகு சிவப்பு. பிறகு பச்சை. அடுக்கடுக்காக, ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து, இந்தப் பக்கம் ஒரு வரிசை, அந்தப் பக்கம் ஒரு வரிசை. சில உடையாமல் முழுசாகவே இருந்தன.

என் வீட்டுக்காரர் பலகையை மடியில் வைத்து வரைந்துகொண்டிருந்தார். துரை ஒவ்வொன்றாக அளந்து சொன்னார். அப்புறம் தலையைத் தூக்கி, "கூலிக்காரப் பொம்பளைக்கு இத்தனை வளையல் எதுக்கு?" என்று கேட்டார். கேலியாக அல்ல, மெய்யாகவே தெரியாமல் கேட்டார்.

நான் என் கையைப் பார்த்தேன்.

மண் வெட்டுகிறவள், களை பிடுங்குகிறவள் கைக்கு இரண்டு வளையல் போடுவதே அதிகம். முழங்கை வரைக்கும் அடுக்குவது ஆயுசில் ஒரு காரியத்துக்குத்தான். அடுக்கினதைக் கழற்றுவதும் ஒரே ஒரு நாளில்தான். அம்மாவுடைய வளையலைக் கழற்றுகிற நாள் வரவே இல்லை. எனக்கு ஞாபகம் இருந்த அந்தக் கை அலங்காரக்காரியுடைய கை அல்ல. அது அவளுடைய கடைசி மாசத்துக் கை. கலகலவென்று என்னைத் தட்டித் தூங்கவைத்தவள் வயிற்றில் எனக்கு ஒரு தம்பியோ தங்கையோ இருந்திருக்கிறது.

"எங்கம்மா மாசமா இருந்திருக்காங்க" என்றேன் துரையிடம். அப்பாவிடம் திரும்பி, "அப்பா?" என்றேன்.

அவர் களிமண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். முழுப் பூசணிக்காயை இத்தனை வருஷம் சோற்றில் மறைத்து வைத்திருந்த மனுஷன், இனி மறைக்கச் சோறு இல்லை என்கிற மாதிரி பேசினார்.

"ஒம்பதாம் மாசம் தாயி. காச்சல் வந்துச்சு. ரெண்டு உசுரும் போச்சு. வயித்துல உள்ளத வெளிய எடுத்துத் தனியாப் பொதைக்கணும்னாங்க. ஏ புள்ள, ஒன்னக் கீறவா விடுவேன்னு அவ மேல விழுந்து நான் விடல. அப்ப ஒரு சொமதாங்கிக் கல்லாச்சும் வெய்யிடான்னாங்க. சொமையோட செத்தவ அந்தச் சொமையோடயே நின்னுக்கிட்டிருப்பாளாம். போறவன் வாரவன் கல்லுல சொமைய எறக்கி வச்சாத்தான் அவளுக்கும் எறங்குமாம். அந்தச் சேத்துல கல்லு ஏது? நெலைக்கிற சாமானா ஒரு இரும்பு இருந்துச்சு, ஊணுனேன். கல்லு கொண்டாரேன் புள்ள, கொஞ்ச நாளு பொறுத்துக்கன்னு சொல்லிட்டு வந்தேன். கல்லோட வந்து பாத்தா எடத்தக் காணோம்."

"சடக்கு ஓரமா எங்கயாச்சும் வச்சிருக்கலாமேப்பா."

"அவ கண்ணுக்குத் தெரியாத எடத்துல வச்சு என்ன பிரயோசனம்? இத்தன வருசமா நின்னுக்கிட்டே இருக்கா தாயி. நான் சோறு தின்னுக்கிட்டிருக்கேன், அவ நிக்கிறா."

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்க வாய் வரை வந்தது. என் வயிற்றைப் பார்த்தேன். கேட்கவில்லை. வளைகாப்பன்று அவர் எங்கே போனார் என்பதும் எனக்கு விளங்கிவிட்டது. எங்கேயும் போகவில்லை. வளையல் சத்தம் கேட்காத தூரத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்திருந்திருப்பார்.

துரைக்கு ஒரு வளையலாவது வேண்டும் என்று இருந்தது, அது அவர் முகத்தில் தெரிந்தது. ஆனால் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் வரைந்த படத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, எடுத்த வளையல் ஒவ்வொன்றையும், உடைந்த துண்டு உள்பட, எது எங்கே எப்படிச் சாய்ந்து கிடந்ததோ அப்படியே திரும்ப வைத்தார். அதுவரைக்கும் நான் கேலி செய்துகொண்டிருந்த அந்தப் படம் எழுதுகிற வேலை எதற்கு என்று எனக்குப் புரிந்தது. அளவு சரியாக இருந்ததால்தான் எங்கம்மா கைக்கு அவளுடைய வளையல் திரும்பக் கிடைத்தது. மண்ணை மூடினார்கள். அப்பா பாலை ஊற்றினார். அதைக் குடிக்க அவளுக்கு எத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

சொன்ன சொல்படி அப்பா துரையைக் கூட்டிக்கொண்டு போய் இரும்பு கிடைத்த இடத்தைக் காட்டினார். அந்த வாய்க்காலைத் தூர்த்து அதன்மேல் ரப்பர் ஷீட்டு காய வைக்கிற புகைக்கூடத்தைக் கட்டியிருந்தார்கள். துரை அந்தச் சுவரைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். "போச்சு" என்றார் தமிழில். அந்த இரும்பை அடித்தவனைத் தேடி அழ அவனுக்கு ஒரு பிள்ளை இருந்ததா, அவன் யார், ஒன்றும் இனிமேல் தெரியப்போவதில்லை.

அப்பா பிறகு அதிக நாள் இங்கே இல்லை. போர்ட் சுவெட்டன்ஹாமில் கப்பலேறினார். எனக்குப் பெண் பிறந்து, வளையலைக் கழற்றி, அதற்குப் பேர் வைத்துக் கடுதாசி போட்டோம். பதில் வேறு கையெழுத்தில் வந்தது. கடுதாசி போய்ச் சேருவதற்கு முன்பே அவர் போய்விட்டார். அங்கே அவரை எங்கே வைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அதை நினைத்து அழாத வருஷம் இல்லை.

கப்பலேறுவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நடந்ததை மட்டும் சொல்லி முடிக்கிறேன். அப்பாவோடு வேலை செய்தவர்கள் கல் உடைக்கிற மலையிலிருந்து மூன்று கருங்கல் கொண்டுவந்து, சாமான் வண்டியில் ஏற்றிக் கிள்ளானில் இறக்கிவிட்டிருந்தார்கள். அம்மா கிடக்கிற இடத்துக்குப் பக்கத்தில், ரப்பர் பால் வாளி தூக்கிப் போகிறவர்கள் நடக்கிற ஒற்றையடிப் பாதை ஓரமாக, இரண்டை நட்டு ஒன்றை மேலே படுக்கவைத்தார்கள். பூசாரி வந்து திருநீறு பூசினார். முனி மேடையில் இரும்பு இருந்த இடத்தில் இரும்பே இருக்கட்டும் என்று அப்பா சொல்லிவிட்டார்.

எல்லாம் முடிந்து அப்பா பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஞாயிற்றுக்கிழமை, பால் வெட்டு இல்லை. பாதி லயம் காலி. சுமையோடு ஒருவரும் வரவில்லை. வெகுநேரம் நின்றோம். மறுநாள் கப்பலுக்குச் சாமான் கட்ட வேண்டும், வண்டிக்காரன் அவசரப்படுத்தினான். கல்லை வைத்தும் அதில் இறக்கிவைக்க ஆள் இல்லாமல் போகிறோமே என்று அவர் முகம் வாடியது. எட்டாம் மாச வயிறு, இடுப்பு வேறு விட்டுப்போயிருந்தது. நான் போய் அந்தக் கல்லில் முன்பக்கமாகச் சாய்ந்து, வயிற்றைக் கல்லின்மேல் மெதுவாகத் தாங்கவைத்தேன்.

பின்னாலிருந்து அப்பா சொன்னார், "எறக்கி வையி புள்ள. எறக்கி வையி."

பிறந்ததிலிருந்து என்னை அவர் தாயி என்றுதான் கூப்பிட்டிருக்கிறார், புள்ள என்றது அம்மாவை மட்டும்தான். எதற்கும் எதிர்வாய் பேசுகிற நான் திரும்பிப் பார்க்கவில்லை. பாரம் முழுவதையும் கல்லில் விட்டு, அவர் போதும் என்கிற வரைக்கும் அப்படியே நின்றேன்.